வில்லிகள் பேசுகிறார்கள்... நான் மட்டும் மியூட்டில்!

ஒன்பதரை அடி உயரம். வெள்ளை கவுன், குடை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தொப்பி, கையில் கறுப்பு உறை. வாசல் நிலை தலையில் இடிக்கும் என்பதால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரொம்ப நிதானமாக உள்ளே வருகிறாள். 2021 ஜனவரியில் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கேமின் ட்ரெய்லரில் லேடி டிமிட்ரெஸ்கு இப்படி வந்து நின்றதும், உலகத்தில் பாதிப் பேர் அவள் உயரத்தைத்தான் கேட்டார்கள். தொல்லை தாங்காமல் அந்த கேமின் ஆர்ட் டைரக்டரே கணக்குச் சொன்னார்: தொப்பி, ஹை ஹீல்ஸ் எல்லாம் சேர்த்து 2.9 மீட்டர்!

கேம் மே மாதம் வெளியானது. விளையாடியவர்களுக்கு ஓர் ஏமாற்றம். இந்த அம்மணியின் மாளிகை கதையின் முதல் பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வேறு ஊர், வேறு ஆட்கள், வேறு சண்டை. ஆனாலும் இன்று அந்த கேமைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது அவள் பெயர்தான். ஹீரோ ஈதன் முகம் எப்படி இருக்கும்? தெரியாது. கேம் முழுக்க அவன் முகத்தைக் காட்டாமலே ஓட்டியிருப்பார்கள்.

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களும் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை ஓடும் சீரியல்களில், ஹீரோயின் அழுதுகொண்டிருப்பாள்; வில்லி பேசிக்கொண்டிருப்பாள். நீலாம்பரியை ஒரு தடவை பார்த்தவர்கள் யாராவது மறந்திருக்கிறார்களா? கேம்களிலும் அதே கதைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சீரியல் வில்லி ஹீரோயினைத் திட்டுகிறாள். கேம் வில்லி திட்டுவது உங்களை. கன்ட்ரோலர் உங்கள் கையில் இருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொள்வதும் நீங்கள்தான்.

எனக்கு முதலில் அறிமுகமான வில்லி யார் என்று யோசித்தால் 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'தான் ஞாபகம் வருகிறது. 2000-ல் வந்த கேம். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர்களிலும் அது ஓடாத இடம் இல்லை. திண்டுக்கல்லில் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், அதை விளையாடும்போது நான் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எட்டு வயசு இருக்கும். கீபோர்டைத் தொட அனுமதி இல்லை. "பின்னாடி ஆள் வர்றான்னா மட்டும் சொல்லு" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அந்த கேமில் ஒரு மிஷனின் நடுவில் சேவ் பண்ண முடியாது. செத்தால் முதலிலிருந்து வர வேண்டும். அண்ணன் மொத்தம் பதினான்கு மிஷன்களை ஒரு கோடை விடுமுறை முழுக்க முடித்தான். கடைசி மிஷனில் அணுகுண்டு, அதோடு எக் என்ற பயங்கரவாதி. அது ஒரு பெண் என்று தெரிந்ததும் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, "பொம்பளையாடி இவ்வளவு நேரம் படுத்தினது!" என்றான். எனக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். எக் நல்லவள் இல்லை, அவள் பேசுவது எனக்குப் புரியவும் இல்லை. ஆனால் பதினான்கு மிஷனாக அந்தத் திரையில் ஓடி, சுட்டு, செத்துக்கொண்டிருந்த எல்லோரும் ஆண்கள். ஹீரோவின் காதில் வழி சொல்லும் ஆன்யா ஒருத்திதான் பெண் குரல். என் வேலையும் கிட்டத்தட்ட ஆன்யாவின் வேலைதான்! கடைசியில் ஒருத்தி எழுந்து வந்து, எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்றதும் ஸ்டூல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது.

அதே கம்ப்யூட்டரில் 'ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்' வந்தபோது என்னை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான், அது பெரியவர்களுக்கான கேம். ஆனால் சத்தத்தை யார் தடுக்க முடியும்? கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கத்திக்கொண்டே இருப்பாள். அவள் பெயர் கேட்டலினா என்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பெட்ரோல் பங்க், பெட்டிங் கடை, மதுக்கடை, பேங்க் என்று ஹீரோவை இழுத்துக்கொண்டு போய்க் கொள்ளையடிப்பாள். பிறகு அவனை விட்டுவிட்டு வேறொருவனோடு போவாள். போன பிறகும் போன் பண்ணித் திட்டுவாள். அண்ணனும் அவன் நண்பர்களும் அவளை "லூசு" என்பார்கள். அதே கேமில் ஹீரோ செய்யும் வேலைகளுக்கு அவனை யாரும் லூசு என்று சொல்லவில்லை என்பதை இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

கேட்டலினாவின் முதல் கேம் 2001-ல் வந்த 'ஜி.டி.ஏ. 3'. பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு ஓடும்போது, தன் காதலன் கிளாடைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் போகிறாள். அவன் பிழைத்துக்கொள்கிறான். பிறகு முழு கேமும் அவளை நோக்கிய பயணம்தான். இந்த கிளாட் ஒரு வார்த்தை பேச மாட்டான். கேட்டலினா பேசுவாள், அவன் சும்மா நிற்பான். கடைசியில் அவளை ஹெலிகாப்டரோடு அழித்துவிட்டு, தான் காப்பாற்றிய மரியா என்ற பெண்ணோடு நடந்து போகிறான். மரியா தன் பாட்டுக்கு வளவளவென்று பேசிக்கொண்டே வருகிறாள். திரை இருட்டாகிறது. ஒரு துப்பாக்கிச் சத்தம். அப்புறம் மரியாவின் குரல் இல்லை.

கிளாட் அவளைச் சுட்டானா, இல்லை சும்மா மிரட்டினானா என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எழுதியவர்கள் அதை ஜோக்காகத்தான் வைத்திருக்க வேண்டும். இருபதாவது வயதில் யூடியூபில் அந்த முடிவைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரொம்பப் பேசினாள் என்பதற்கு ஒரு தோட்டா!

சரி, என் அபிமான வில்லிக்கு வருகிறேன். அவளுக்கு உயரமும் இல்லை, கவுனும் இல்லை. உடம்பே இல்லை. கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் ஒரு இயந்திரம், அதோடு ஒரு குரல். பெயர் கிளாடோஸ். 2007-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'போர்ட்டல்' கேமின் வில்லி.

கதை எளிமையானது. ஷெல் என்ற பெண் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண் விழிக்கிறாள். அவள் கையில் ஒரு விசித்திரத் துப்பாக்கி. ஒரு சுவரில் சுட்டால் நீலக் கதவு, இன்னொரு சுவரில் சுட்டால் ஆரஞ்சுக் கதவு. இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். இதை வைத்துப் பத்தொன்பது அறைகளைக் கடக்க வேண்டும். வழி முழுக்க ஒலிபெருக்கியில் கிளாடோஸ் பேசுவாள். முதலில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். முடித்தால் கேக் தருவேன் என்பாள். போகப் போக அதே மரியாதையான குரலில் ஊசி குத்த ஆரம்பிப்பாள். ஓர் அறையில் இதயம் வரைந்த ஒரு பெட்டியைத் துணைக்குக் கொடுத்து, கடைசியில் அதை நம் கையாலேயே நெருப்பில் போட வைப்பாள். பத்தொன்பதாவது அறை முடிந்ததும் கேக் இல்லை. நம்மைத்தான் நெருப்பில் தள்ளப் பார்க்கிறாள்.

2011-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அவள் இன்னும் ஃபார்முக்கு வந்துவிட்டாள். ஷெல் குண்டாகிவிட்டாள் என்று சுற்றி வளைத்துச் சொல்வாள். தத்துப்பிள்ளை என்று குத்திக்காட்டுவாள். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகும் வழியில் நம்மை நிறுத்தி, "என்னம்மா, கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கே, ஹாஸ்டல் சாப்பாடு நல்லாருக்கோ?" என்று அன்பாக விசாரிக்கும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அதே பாணி!

குரல் கொடுத்தவர் எலன் மெக்லைன். ஓபரா பாடகி. கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்கும் குரலைக் கேட்டு, அதே மாதிரி ஏற்ற இறக்கங்களைத் தன் தொண்டையில் கொண்டுவந்தார். முதல் பாகத்தின் கடைசியில் கிளாடோஸின் மனசாட்சியாக வேலை செய்யும் ஒரு உருண்டையைக் கழற்றி எறிந்ததும் அந்தக் குரல் மாறும் பாருங்கள்... இயந்திரத்தனம் போய், மூச்சும் நக்கலும் வந்துவிடும். ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டிய இடம் அது.

பழைய கேம் என்பதால் என் பழைய லேப்டாப்பிலும் ஓடியது. ஒரு தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து இரண்டாம் பாகத்தை விளையாடினேன். அம்மா எதிரில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கிளாடோஸின் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாருடி இது, உங்க சின்னப் பாட்டி மாதிரியே பேசுது?" என்றார். இங்கிலீஷ் வசனம் அம்மாவுக்கு முழுசாகப் புரியாது. தொனி புரிந்துவிட்டது!

இந்த இடத்தில் ஒரு ஸ்பாய்லர். பதினைந்து வருஷப் பழைய கதை என்பதால் மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாம் பாகத்தின் நடுவில் கிளாடோஸ் ஒரு உருளைக்கிழங்குக்குள் அடைக்கப்படுகிறாள். ஆமாம், உருளைக்கிழங்கு. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் கிழங்கில் கம்பி செருகி மின்சாரம் எடுப்போமே, அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறாள். அந்தக் கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஷெல் ஆராய்ச்சிக்கூடத்தின் அடியில், பல வருஷங்களாகப் பூட்டிக்கிடக்கும் பழைய கட்டடங்களுக்குள் போகிறாள். அங்கே நிறுவனத்தின் முதலாளி கேவ் ஜான்சன் பதிவு செய்து வைத்த பேச்சுகள் இன்னும் ஒலிக்கின்றன. பெரிய வாய்ச்சவடால் பேர்வழி. அவர் பேச்சுகளின் இடையில், கேரலைன் என்ற அவருடைய உதவியாளர் உற்சாகமாக ஒரு வரி சொல்வாள். அவர் எது சொன்னாலும் "எஸ் சார்!"

அந்தக் குரல் வந்த அதே நொடியில் கிழங்குக்குள் இருக்கும் கிளாடோஸும் "எஸ் சார்" என்கிறாள். சொல்லிவிட்டு, தான் ஏன் அதைச் சொன்னோம் என்று அவளுக்கே புரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறது. முதலாளி நோயில் விழுகிறார். மனித மூளையைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார். அது தயாராவதற்குள் தான் இறந்துவிட்டால் கேரலைனை அதற்குள் ஏற்றிவிடுங்கள், இந்த இடத்தை இனி அவள்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். அவள் வேண்டாம் என்பாள், வாதம் செய்வாள், ஆனாலும் செய்ய வைத்துவிடுங்கள் என்கிறார். அவருக்கு அது பாராட்டு மாதிரி. கிளாடோஸ் என்பவள் அந்த உதவியாளர்தான்.

இதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன். சும்மா கதை சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"அவகிட்ட கேட்டாங்களா?"

"இல்லம்மா. வேணாம்னு சொல்லுவா, இருந்தாலும் செய்ய வைங்கன்னு சொல்லிட்டார்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப அவ இம்புட்டுப் பேசுறதுல தப்பே இல்ல" என்றார்.

அம்மா ஒரு நூல் மில் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது யாரும் சொல்லித்தராமல் டேலி கற்றுக்கொண்டு கணக்கும் பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கணக்குப் பிரிவு முழுவதும் கோயம்புத்தூருக்கு மாறுகிறது, திங்கள்கிழமை அங்கே வந்து சேருங்கள் என்றார்கள். நான் ஏழாவது, தம்பி நாலாவது படித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் வருமானத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடு. முடியுமா, முடியாதா என்று கேட்கவே இல்லை. "நீ என்னம்மா சொன்ன?" என்று பல வருஷம் கழித்து ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னத்தச் சொல்ல?" என்றார். திங்கள்கிழமை போகவில்லை. வேலை போய்விட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி வீட்டில் பேச்சு கிடையாது.

அன்று ராத்திரி கேமை முடித்தேன். கிளாடோஸ் மறுபடி தன் இடத்துக்கு வந்ததும், தனக்குள் இருந்த கேரலைனை அழித்துவிட்டதாக அறிவிக்கிறாள். பிறகு ஷெல்லை வெளியே அனுப்பிவிடுகிறாள். அத்தனை திட்டுக்கும் ஷெல் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பாகத்திலும் ஊமையாகவே வருகிறாள். இரண்டு பெண்களை மையமாக வைத்த கதையில் நல்லவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை!

இந்த இயந்திர வில்லிகளுக்கெல்லாம் மூத்த அக்கா ஒருத்தி உண்டு. 1994-ல் வந்த 'சிஸ்டம் ஷாக்' கேமின் ஷோடன். விண்வெளி நிலையத்தை நிர்வகிக்கும் அவளுடைய நெறிமுறைக் கட்டுப்பாடுகளை ஒரு நிறுவன அதிகாரி சொன்னதால் நீக்குவது யார் தெரியுமா? நாம்தான், அதாவது விளையாடுபவர். பிறகு அவள் தன்னைக் கடவுள் என்று நினைத்துக்கொண்டு மனிதர்களைப் பூச்சியாகப் பார்த்தால் எல்லோரும் ஐயோ என்கிறார்கள். 1998-ல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' கேமின் கெரிகனும் இந்த ஜாதிதான். நம்பிய தலைவன் அவளைப் போர்க்களத்தில் எதிரிகள் நடுவில் விட்டுவிட்டுக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். அவள் அந்த எதிரிகளுக்கே ராணியாகித் திரும்பி வருகிறாள். டிமிட்ரெஸ்குவுக்கும் கோபம் தலைக்கேறுவது தன் மகள்கள் மூன்று பேரும் சாகும்போதுதான். அதே கேமின் பெரிய வில்லி மிராண்டா, நோயில் பறிகொடுத்த தன் பெண் குழந்தையை உயிர்ப்பிக்கத்தான் ஓர் ஊரையே நாசமாக்குகிறாள். இதெல்லாம் அவர்கள் செய்ததை நியாயமாக்கிவிடாது. நாலு பேரும் கொலைகாரிகள். ஆனால் உலகத்தை ஆள வேண்டும் என்று சும்மா சிரிக்கும் ஆண் வில்லன்கள் ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டு இவர்களிடம் வந்தால், கேட்கக் காது கொடுக்கிறோம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று சொல்ல வேண்டும். நான் ஆன்லைனில் விளையாடும்போது பேசுவதில்லை.

2020 லாக்டவுன். டிப்ளமோ வகுப்புகள் எல்லாம் போனில். மீதி நேரத்துக்கு நாலு பேர் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம். யார் யாரோ முன்பின் தெரியாதவர்களோடு கேமே நம்மை அணி சேர்த்துவிடும். ஒருநாள் மத்தியானம், மொட்டை மாடியிலிருந்து ஒருவன் குறி வைப்பதைப் பார்த்து, மைக்கை ஆன் பண்ணி "லெஃப்ட்ல மாடில ஒருத்தன்" என்றேன். மூன்றே வார்த்தை.

ஒரு நொடி அமைதி. அப்புறம், "டேய், பொண்ணுடா!"

அடுத்த பத்து நிமிஷம் யாரும் அந்த மாடிக்காரனைக் கவனிக்கவில்லை. எந்த ஊரு, என்ன வயசு, இன்ஸ்டா ஐடி என்ன, இன்னொரு தடவை பேசு. பதில் சொல்லாமல் ஆடினேன். ஒருவன் செத்துப்போனதும் அதற்குக் காரணம் நான் என்றான். பிறகு வந்த வார்த்தைகளை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ஹெட்போனையும் மீறிக் கேட்டுவிடுமோ என்று சத்தத்தைக் குறைத்தேன். குறைக்க வேண்டியது நானாக இருந்தேன் என்பதுதான் எரிச்சல். ரிப்போர்ட் பட்டனை அழுத்தினேன். நன்றி என்று ஒரு தகவல் வந்தது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் பெயரை மாற்றினேன். பெண் என்று தெரியாத மாதிரி, இரண்டு எழுத்தும் மூன்று எண்ணும். படத்தில் ஒரு பூனை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கேமிலேயே எழுதி வைத்திருக்கும் ரெடிமேட் வாக்கியங்களைத் தட்டுவேன். உதவி தேவை. எதிரி முன்னால். நன்றி. ஷெல் மாதிரியே ஆகிவிட்டேன். கேட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள், தங்கைகள் பலரும் இப்படித்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அதே லாக்டவுனில்தான் அபி விவகாரம் வெடித்தது. நம்ம ஊர் அபிராமி, அபிநயா இல்லை, அபிகெய்ல். 2020 ஜூனில் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தின் அபி. முதல் பாகத்தில் கோடிக்கணக்கானவர்கள் அப்பா ஸ்தானத்தில் வைத்துக் கொண்டாடிய ஜோயலை, இந்த கேமின் ஆரம்பத்திலேயே அடித்துக் கொல்கிறாள். ஏன்? முதல் பாகத்தின் முடிவில், தான் மகளாகப் பாவிக்கும் எல்லியைக் காப்பாற்ற ஜோயல் ஒரு மருத்துவமனைக்குள் புகுந்து பலரைக் கொல்வான். அதில் ஒரு டாக்டர் அபியின் அப்பா. நாம்தான் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கொலையைச் செய்திருப்போம். அப்போது அவருக்கு ஒரு மகள் இருப்பாளே என்று யார் யோசித்தது?

இரண்டாம் பாகம் பாதியில் நம்மைத் திருப்பிப்போடுகிறது. எல்லியிடமிருந்து பிடுங்கி, அபியை நம் கையில் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு நேரம் யாரைக் கொல்லத் தேடினோமோ, அவளாகவே ஓட வேண்டும், சாப்பிட வேண்டும், பயப்பட வேண்டும். சென்னையில் மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு கேமிங் கஃபேயில் அந்தப் பகுதியை விளையாடினேன். முதல் அரை மணி நேரம் அவளை வேண்டுமென்றே சாகவிட்டேன். அந்த அளவுக்கு வெறுப்பு வரும்படி செய்திருக்கிறார்கள். நாலாவது நாள் அவளுக்காகக் கவலைப்பட்டேன். இவ்வளவு துணிச்சலாக ஒரு வில்லியை வைத்து வேறு யாரும் கதை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பலர் அந்த நாலாவது நாளுக்கு வரவே இல்லை. முதலில் அவள் உடம்பைத் தாக்கினார்கள். அகலத் தோளும் முறுக்கேறிய கைகளும் ஒரு பெண்ணுக்கு எப்படி வரும் என்றார்கள். அந்த உடம்பு காலீன் ஃபாட்ச் என்ற நிஜ விளையாட்டு வீராங்கனையை மாதிரியாக வைத்து உருவாக்கியது. அடுத்து, அபிக்குக் குரல் கொடுத்து நடித்த லாரா பெய்லியின் பக்கம் திரும்பினார்கள். ஜோயலைக் கொன்றதற்காக உன் வீட்டைத் தேடி வந்து கொல்வோம் என்று அவருக்குச் செய்திகள். ஜூலையில் அவற்றில் சிலவற்றை அவரே ட்விட்டரில் பகிர்ந்தார். அவருடைய சின்னஞ்சிறு மகனையும் மிரட்டலில் இழுத்தார்கள். எழுதியவர் வேறு, வரைந்தவர்கள் வேறு. அவர் செய்தது அந்தப் பாத்திரமாகப் பேசியது மட்டும்தான்.

என் ஹெட்போனில் கேட்டது நாலு பையன்களின் வாய்க்கொழுப்பு என்று அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அந்த ட்விட்டர் செய்திகளைப் படித்த அன்று அந்தச் சமாதானம் போய்விட்டது. மருத்துவமனையில் அத்தனை பேரைக் கொன்ற ஜோயலுக்குக் குரல் கொடுத்தவருக்கு ரசிகர்கள் அனுப்பியது அன்பு. ஒருவனைக் கொன்ற அபிக்குக் கொலை மிரட்டல்.

அந்த வருஷக் கடைசியில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது லாரா பெய்லிக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம், 2021-ல், அதே விருது டிமிட்ரெஸ்குவுக்குக் குரல் கொடுத்த மேகி ராபர்ட்சனுக்கு. செய்தி வந்தபோது நான் ஆபீஸில் இரவு ஷிஃப்ட். நான்கு வரிச் செய்தியாகப் போட்டேன். தலைப்பில் வில்லி என்று எழுதியதை, "நடிகைன்னு போடும்மா" என்று சீனியர் ஒருவர் மாற்றச் சொன்னார். மாற்றினேன். சரிங்க சார்!

இப்போது ஆபீஸிலிருந்தும் ஹாஸ்டலிலிருந்தும் நாங்கள் நாலு பெண்கள் ஒரு அணி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிப்போம். ஒருத்தி வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள், ஒருத்தி என் பக்கத்து சீட் வீடியோ எடிட்டர். வெளி ஆட்களைச் சேர்ப்பதில்லை என்பதால் நாலு மைக்கும் ஆன். வில்லிகளின் பெயரையே ஐடியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். நர்ஸிங் மாணவி மலேனியா. 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' கேமில் எத்தனை தடவை செத்து எழுந்து போனாலும் தன் பெயரைச் சொல்லியே நம்மைக் கொல்லும் அந்த மகராசிதான். எடிட்டர் கெரிகன். வங்கிக்காரி, அவளுடைய உயரம் நாலு அடி பதினொரு அங்குலம், லேடி டிமிட்ரெஸ்கு!

போன வாரம் கடைசி வட்டம் வரைக்கும் போய்விட்டோம். எதிரில் ஒரே ஒரு அணிதான் மிச்சம். அந்த கேமில் கிட்டே இருக்கும் எதிரிகளுக்கும் நம் குரல் கேட்கும்படி ஒரு வசதி உண்டு; அதை யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். "டேய், பொண்ணுங்கடா!" என்று பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதே தொனி, அதே ஆச்சரியம்.

டிமிட்ரெஸ்கு நிதானமாகக் கேட்டாள்: "ஆமாண்ணா, அந்தப் பாறைக்குப் பின்னாடி எத்தன பேர் இருக்கீங்க?"

அவன், பாவம், "மூணு பேர்" என்று சொல்லிவிட்டான்.